விமானம் ஒரு மணி நேரம். வழி ஆறு மணி நேரம்!

ஒரகடம் கூட்டுச் சாலையில் விடியற்காலை நான்கரை மணிக்கு நின்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் அது. முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள், புதுக் கார்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர்கள், துறைமுகம் நோக்கி ஓடும் கன்டெய்னர் லாரிகள். இவற்றுக்கு நடுவே தோளில் பையோடு ஓர் இளைஞர் வாடகைக் காருக்காகக் காத்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் காலை பதினோரு மணிக்கு அவருக்கு வேலை. "எத்தனை மணிக்கு ஃபிளைட்?" என்று கேட்டால் "ஏழரை" என்பார். "எவ்வளவு நேரப் பயணம்?" என்றால் "ஒரு மணி நேரம்தான்" என்பார்.

ஒரு மணி நேரப் பயணத்துக்கு நான்கரை மணிக்கே ஏன் தெருவுக்கு வந்தார்? இந்தக் கேள்வியைத்தான் நாம் ஆட்சியாளர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இதே ஒரகடத்துக்குப் பக்கத்தில், பரந்தூரில், சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமைக்கப் போகிறார்கள். அதற்காக விளைநிலம், ஏரி, குடியிருப்பு என்று ஆயிரக்கணக்கான ஏக்கர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் காட்டும் கணக்கு சரிதானா என்று பார்க்க வேண்டியது நம் கடமை.

ஏட்டுக் கணக்கு

சென்னை மீனம்பாக்கத்துக்கும் பெங்களூரு தேவனஹள்ளிக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 270 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்த நூலின் நீளம் எவ்வளவோ அதுதான் விமானத் தூரம் என்று சொல்லப்படுவது. ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் இருபது நிமிடத்தில் அல்லவா போய்ச் சேர வேண்டும்? சேராது. ஏறுவதற்கும் இறங்குவதற்குமே பெரும்பகுதி நேரம் போய்விடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். இறங்க இடம் கிடைக்காவிட்டால் வானத்தில் வட்டமடிக்க வேண்டும். நிறுத்தத்திலிருந்து நகர்ந்த நொடி முதல் மறு ஊர் நிறுத்தத்தில் நின்ற நொடி வரை கணக்கிட்டுத்தான் அட்டவணையில் ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம் என்று போடுகிறார்கள்.

தூரம் கூடினால் இந்தக் கணக்கு விமானத்துக்குச் சாதகமாகிறது. சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் போல ஆகிறது. ஜித்தா சுமார் 4,450 கிலோமீட்டர். ஏறத்தாழ ஆறு மணி நேரம். போகும்போது மேற்கிலிருந்து வீசும் மேல்வானக் காற்றை எதிர்த்துப் பறக்க வேண்டியிருப்பதால் நேரம் கூடுகிறது. வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் சற்றுக் குறைகிறது. வளைகுடா சென்று வந்த நம் சகோதரர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். நாலாயிரம் கிலோமீட்டருக்கு விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் 270 கிலோமீட்டருக்கு?

வாசல் கணக்கு

அந்த ஒரகடத்து இளைஞரின் காலைப் பொழுதைக் கூட்டிப் பாருங்கள். நான்கரைக்குக் கிளம்பி, தாம்பரம் நெரிசலைத் தாண்டி, மீனம்பாக்கம் சேரும்போது ஐந்தே முக்கால். பை சோதனை, ஆள் சோதனை, காத்திருப்பு. ஏழரைக்கு விமானம், எட்டரைக்குப் பிறகு தேவனஹள்ளி. வெளியே வர ஒன்பது. தேவனஹள்ளி பெங்களூரின் மையத்திலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. நகருக்குள் போய்ச் சேரும்போது பத்தரை. ஆக மொத்தம் ஆறு மணி நேரம்! அதில் வானத்தில் இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மீதி ஐந்து மணி நேரம் தரையில்! ஒரகடத்திலிருந்து காரிலேயே போயிருந்தாலும் ஏறத்தாழ இதே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

ரயில் இருக்கிறதே என்பீர்கள். 2022 நவம்பரிலிருந்து ஓடும் வந்தே பாரத் ரயில் சென்னை சென்ட்ரலிலிருந்து பெங்களூருக்கு நாலரை மணி நேரத்துக்குள் போகிறது. நல்லதுதான். ஆனால் சென்ட்ரலில் அதைப் பிடிக்க ஒரகடத்துக்காரர் முதலில் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போய், பிறகு அதே ரயிலில் மேற்கே திரும்பி வர வேண்டும்!

இந்த வட்டாரத்தில் என்ன இல்லை? இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார் ஆலை 1998 முதல் இயங்குகிறது. ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட் - நிசான் ஆலை திறக்கப்பட்டது; 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை வந்தது; மோட்டார் சைக்கிள், டயர் என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. ஆனால் ஆலை வந்த வேகத்தில் தண்டவாளம் வரவில்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை என்று 2013-14ஆம் ஆண்டிலேயே ரயில்வே திட்டத்தில் இடம் பெற்றது. பத்தாண்டுக்கு மேல் கடந்தும் அது ஏட்டோடு நிற்கிறது. தொழிலாளி இன்றும் கம்பெனி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும்தான் போகிறார்.

தரை வழியைச் சரிசெய்யாமல் வான் வழியை மட்டும் பெருக்கினால் யாருக்கு என்ன மிச்சம்? இதுதான் நம் கேள்வி.

இரண்டு நிலையங்களுக்கு நடுவே

மீனம்பாக்கம் போதாது என்பதை நாம் மறுக்கவில்லை. ஒரு பக்கம் அடையாறு. மற்றப் பக்கங்களில் குடியிருப்புகள், ராணுவ நிலம், ஜி.எஸ்.டி. சாலை, மலை. அங்குள்ள இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் இரண்டையும் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்த முடிவதில்லை. ஆண்டுக்கு 2.2 கோடிப் பயணிகளைக் கையாளும் நிலையத்தை 3.5 கோடி வரை விரிக்கலாம், அதற்கு மேல் முடியாது என்றுதான் அரசு 2022இல் விளக்கம் தந்தது. படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் என்று நான்கு இடங்களைப் பார்த்துவிட்டு, 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவித்தார்கள். இரண்டு ஓடுபாதைகள், ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகள், 20,000 கோடி ரூபாய் என்பது அன்றைய அறிவிப்பு. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது.

மீனம்பாக்கமும் மூடப்படாது, இரண்டும் இயங்கும் என்கிறார்கள். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே சாலை வழியில் சுமார் 60 கிலோமீட்டர். எந்த விமானம் எங்கே வரும்? மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ உள்நாட்டு விமானத்தில் வந்து மீனம்பாக்கத்தில் இறங்குகிறவர், பரந்தூரில் வளைகுடா விமானம் ஏற வேண்டியிருந்தால் என்ன செய்வார்? பெட்டி படுக்கையோடு வெளியே வந்து, கார் பிடித்து, பூந்தமல்லி நெரிசலைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் கன்டெய்னர் வரிசையில் நின்று போக வேண்டும். வானத்தில் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்தவர் தரையில் இரண்டு மணி நேரத்தைத் தொலைப்பார்.

பெரும்பாலோர் விமானத்தில் வருவதும் இல்லை. ராமநாதபுரத்திலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகும் ஒரு சகோதரர் இன்று என்ன செய்கிறார்? இரவு ரயில் ஏறி விடியற்காலை தாம்பரத்தில் இறங்குகிறார். மின்சார ரயிலில் நான்காவது நிலையம் திரிசூலம். இறங்கிச் சாலையைக் கடந்தால் விமான நிலையம். சில ரூபாய் டிக்கெட்டில் முடிந்துவிடுகிறது. 2016 செப்டம்பரிலிருந்து மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. அவருடைய விமானம் நாளை பரந்தூருக்கு மாற்றப்பட்டால், அதே சகோதரர் செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ இறங்கி வாடகைக் காருக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டும். மனைவி மக்கள் வழியனுப்ப வந்தால் அவர்களுக்கும் சேர்த்து அழ வேண்டும். முதல் முறை வெளிநாடு போகிறவர் விசாவுக்கும் ஏஜென்டுக்கும் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறார். அவர் தலையில் இதுவும் விடியும்.

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை சுமார் 53 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்புக்குத் திட்ட அறிக்கை தயாரித்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் முதல் கட்டம் எதுவரை? சுங்குவார்சத்திரம் வரை! விமான நிலையத்துக்கு முன்பே ரயில் நின்றுவிடும். இரண்டாம் கட்டம் எப்போது என்று கேட்டால் பதில் இல்லை.

வெளிநாட்டார் பட்ட பாடு

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. பட்டவர்கள் இருக்கிறார்கள்.

கனடாவின் மாண்ட்ரீல் நகரில் டோர்வால் என்ற விமான நிலையம் இருந்தது. அது போதாது என்று, நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி மிராபெல் என்ற இடத்தில் 1969இல் நிலம் எடுத்தார்கள். சுமார் பத்தாயிரம் பேர், பெரும்பாலும் விவசாயக் குடும்பத்தினர், வெளியேற்றப்பட்டனர். 1975இல் நிலையம் திறக்கப்பட்டது. வெளிநாட்டு விமானங்கள் மிராபெலில், உள்நாட்டு விமானங்கள் டோர்வாலில் என்று பிரித்தார்கள். இரண்டையும் இணைக்க அதிவேக ரயில் வரும் என்றார்கள், வரவில்லை. நெடுஞ்சாலையும் முழுமை பெறவில்லை. விளைவு? ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்கு மாற நிலையம் விட்டு நிலையம் அலைய விரும்பாத பயணிகள் டொரன்டோ வழியாகப் போகத் தொடங்கினார்கள். 1997இல் வெளிநாட்டு விமானங்கள் டோர்வாலுக்கே திரும்பின. 2004இல் மிராபெலில் பயணிகள் விமானம் அடியோடு நின்றது. 2014இல் அந்தக் கட்டடத்தையே இடிக்கத் தொடங்கினார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதி தேவையில்லை என்று பிற்காலத்தில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆனால் கலைந்துபோன ஊரைத் திருப்பிக் கொடுக்க யாரால் முடியும்?

ஜப்பானைப் பாருங்கள். டோக்கியோவுக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 1966இல் நரிட்டா பகுதியின் சன்ரிசுகாவைத் தேர்ந்தெடுத்தார்கள், விவசாயிகளைக் கேட்காமலேயே. போராட்டம் வெடித்தது. 1971இல் மோதலில் மூன்று போலீசார் உயிரிழந்தனர். 1978 மார்ச்சில் போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள்ளேயே புகுந்து கருவிகளை நொறுக்கியதால் திறப்பு விழா மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. திறந்த பிறகாவது நிம்மதியா? டோக்கியோவின் மையத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தூரம். நரிட்டாவுக்கென்று திட்டமிட்ட ஷின்கான்சென் அதிவேக ரயில் கைவிடப்பட்டது. நிலையக் கட்டடத்துக்கு அடியிலேயே ரயில் வந்து நின்றது 1991இல்தான். திறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து! விவசாயிகளை நடத்திய விதத்துக்காக ஜப்பானிய அரசு 1995இல் மன்னிப்புக் கேட்டது. 2002இல் திறந்த இரண்டாவது ஓடுபாதை, விற்க மறுத்த விவசாயிகளின் நிலத்தால் திட்டமிட்ட நீளத்தை எட்டவில்லை. 2010இல் ஹனேடா என்ற பழைய நிலையத்திலேயே வெளிநாட்டு விமானங்களை மீண்டும் பெரிய அளவில் இயக்கத் தொடங்கினார்கள்.

நம்மவர்கள் நன்கறிந்த மலேசியாவில் என்ன நடந்தது? கோலாலம்பூரின் புதிய நிலையம் சிப்பாங்கில் 1998இல் திறக்கப்பட்டது. நகரிலிருந்து 57 கிலோமீட்டர்; ஏறத்தாழ மீனம்பாக்கம் - பரந்தூர் தூரம்தான். 2002இல் விரைவு ரயில் வந்தது. 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடந்தது! ஆக, தூரம் குற்றவாளி அல்ல. தூரத்தைக் கடக்க வழி செய்யாமல் விடுவதுதான் குற்றம். பக்கத்துப் பெங்களூரிலோ 2008 மே மாதம் தேவனஹள்ளிக்கு மாற்றினார்கள். 2025 முடியும்வரை மெட்ரோ ரயில் அங்கு எட்டிப் பார்க்கவில்லை. நாம் யாரைப் பின்பற்றப் போகிறோம்?

ஏகனாபுரத்தின் கேள்வி

இப்போது நிலத்துக்குச் சொந்தக்காரர்களிடம் வருவோம். பதின்மூன்று கிராமங்கள் என்று தொடங்கி இருபது கிராமங்கள் வரை நீண்ட திட்டம் இது. 5,700 ஏக்கருக்கும் மேல் தேவை என்கிறார்கள். அதில் கால் பங்குக்கும் மேல் ஏரி, குளம், கால்வாய். பாலாற்று நீரை ஏரிகளுக்குக் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அந்த இடத்தின் வழியாகத்தான் ஓடுகிறது. ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு இரவில் கூடி உட்கார்ந்து போராடினார்கள். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். இன்னொரு பக்கம், 2025 ஜூலை முதல் சிலர் நிலத்தை எழுதிக் கொடுக்கவும் தொடங்கியிருக்கிறார்கள்.

அந்த மக்களைப் பார்த்து, "நாட்டு வளர்ச்சிக்காகத் தியாகம் செய்யுங்கள்" என்கிறார்கள். தியாகம் என்பது தானாக மனமுவந்து தருவது. கட்டாயப்படுத்தி வாங்குவதற்கு அந்தப் பெயரா? இந்த வட்டாரத்து மக்கள் வாக்குறுதிகளுக்குப் புதியவர்களும் அல்லர். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் வந்த நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. 2014இல் கதவைச் சாத்தியது. வந்தபோது விழா எடுத்தவர்கள், போனபோது எங்கே இருந்தார்கள்?

ஒருவருடைய வயலையும் வீட்டையும் கேட்கும்போது, அதனால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் நன்மை என்ன என்பதை நாணயமாகச் சொல்ல வேண்டும். "சென்னையிலிருந்து இன்ன ஊருக்கு இத்தனை மணி நேரம்" என்ற விளம்பரக் கணக்கு நாணயமான கணக்கு அல்ல. மீனம்பாக்கத்தின் நெரிசலுக்கு ஒரு காரணம் பெங்களூரு போன்ற அருகிலுள்ள ஊர்களுக்குப் பறக்கும் விமானங்கள். 300 கிலோமீட்டர் தூரத்தை நல்ல ரயில் எளிதாக வெல்லும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹொஸ்கோட்டே வரை 262 கிலோமீட்டர் விரைவுச் சாலைக்கு 2022 மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முழுமை பெற்றால் பெங்களூரு சாலையிலேயே மூன்று மணி நேரத்தில் வந்துவிடும் என்று சொல்பவர்களும் இதே ஆட்சியாளர்கள்தான். அப்படியானால் குறுந்தூர விமானங்கள் எத்தனை குறையும், அதற்குப் பிறகு எத்தனை ஏக்கர் உண்மையாகத் தேவைப்படும் என்ற கணக்கையும் அல்லவா மக்கள் முன் வைக்க வேண்டும்?

நாம் கேட்பது என்ன?

ஒன்று: எந்த விமானங்கள் மீனம்பாக்கத்தில், எந்த விமானங்கள் பரந்தூரில் என்பதை இப்போதே எழுத்தில் வெளியிட வேண்டும். உள்நாடு ஓரிடம், வெளிநாடு ஓரிடம் என்று பிரித்து மிராபெல் கதையைத் திரும்ப எழுதக் கூடாது.

இரண்டு: முதல் விமானம் இறங்குவதற்கு முன்பே ரயில் இறங்க வேண்டும். மெட்ரோ சுங்குவார்சத்திரத்தோடு நிற்கக் கூடாது. செங்கல்பட்டு - அரக்கோணம் பாதை வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாக ஏற்கெனவே ஓடுகிறது. அதிலிருந்து கிளை அமைத்தால் தென் மாவட்டப் பயணி சென்னைக்குள் நுழையாமலே விமானம் ஏறலாம். கிடப்பில் கிடக்கும் ஆவடி - கூடுவாஞ்சேரி பாதையையும் எடுத்துச் செய்யுங்கள். ஒரகடத்துத் தொழிலாளிக்கு விமானத்தைவிட அதுதான் அன்றாடம் தேவை.

மூன்று: திருநெல்வேலி, ராமநாதபுரம், வேலூர், ஒரகடம் என்று ஊர் வாரியாக, வீட்டு வாசலிலிருந்து விமானம் ஏறும் வரை ஆகும் நேரத்தையும் செலவையும் கணக்கிட்டு வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு இன்றைய நிலையைவிட மோசமாக இருந்தால் திட்டத்தை மறுபடி யோசிக்க வேண்டும்.

நான்கு: கிராம சபையின் குரலுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். மனமுவந்து தராதவரின் நிலத்தைப் பறிக்கக் கூடாது. தருகிறவருக்கும் காசோலையோடு கைகழுவாமல், மாற்று நிலமும் குடும்பத்தில் ஒருவருக்கு நிலையான வேலையும் உறுதி செய்ய வேண்டும்.

ஒரகடத்தில் நிற்கும் அந்த இளைஞரும், ஏகனாபுரத்தில் வரப்பில் நிற்கும் விவசாயியும், தாம்பரத்தில் பெட்டியோடு இறங்கும் ராமநாதபுரத்துச் சகோதரரும் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்லர். மூவரையும் கேட்காமல் போடப்பட்ட கணக்கின் சுமையை மூவரும் சேர்ந்து சுமக்கப் போகிறார்கள். வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது யாருடைய வாசலிலிருந்து தொடங்குகிறது, யாருடைய வாசலை இடித்துவிட்டுப் போகிறது என்றுதான் கேட்கிறோம். விமானத்தின் வேகத்தைக் காட்டி இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆட்சியாளர்கள் பதில் சொல்லட்டும்!